காத்திருப்பின் கூலி

1913 நவம்பர் 25ஆம் தேதி, ம்யூனிக் நகரத்தில் வசீலி கான்டின்ஸ்கி ஒரு பெரிய கேன்வாஸின் முன் நின்றார். இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அடுத்தடுத்த நாட்களில் அந்தக் கேன்வாஸ் நிரம்பிக்கொண்டே வந்ததை அவருடைய துணைவி கப்ரியேலே மூன்டர், அவரும் ஓவியர்தான், ஒளிப்படங்களாக எடுத்து வைத்தார். 28ஆம் தேதி படம் முடிந்துவிட்டது. இன்று மாஸ்கோவின் ட்ரெத்யகோவ் கலைக்கூடத்தில் இருக்கும் 'காம்போசிஷன் 7' அதுதான். மரமென்றோ மலையென்றோ சுட்டிக்காட்ட எளிதில் எதுவும் அகப்படாத, நிறங்களும் கோடுகளும் மோதிச் சுழலும் படம்.

நான்கு நாள் என்ற கணக்கைக் கலை வரலாறு ஆசையாகச் சொல்லும். ஆனால் அந்த நான்கு நாட்களுக்கு முன்னால் கான்டின்ஸ்கி அதே படத்துக்காக முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் போட்டிருந்தார். பென்சிலில், நீர்வண்ணத்தில், எண்ணெய் வண்ணத்தில். மூலையில் வரும் ஒரு வளைவுக்காக மட்டும் தனித்தாள். நடுவில் வரும் சுழலுக்காக மட்டும் தனித்தாள். கேன்வாஸின் முன் வந்து நின்றபோது அந்தப் படத்துக்குள் ஏற்கெனவே பலமுறை போய்வந்திருந்தார். உள்ளுணர்வின் வேகம் என்று நாம் வியக்கும் அந்த நான்கு நாட்கள் முப்பது தாள்களின் மேல் நின்றவை.

உருவம் காட்டாத இத்தகைய அரூப ஓவியத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. கண்காட்சிக்கு வந்தவர் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, "இதைச் சின்னப் பிள்ளையும் கிறுக்கும்" என்பார். பக்கத்தில் இன்னொருவர், "அவருக்கு உள்ளேயிருந்து வருது, நமக்கெல்லாம் வராது" என்பார். முதலாமவர் இகழ்கிறார், இரண்டாமவர் வணங்குகிறார். ஓவியர் தன் கூடத்தில் என்ன வேலை செய்கிறார் என்று இருவருமே கேட்கவில்லை. வேலை என்று ஒன்று நடப்பதாகவே இருவருக்கும் தோன்றவில்லை.

என்ன நடக்கிறது? வெள்ளைக் கேன்வாஸில் முதல் நிறம் விழுகிறது. அது எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஓவியரிடம் எழுதிவைத்த காரணம் ஏதுமில்லை. ஆனால் விழுந்த கணத்திலிருந்து படம் பேச ஆரம்பித்துவிடுகிறது. இடது மேல்புறத்தில் ஓர் அழுக்குச் சிவப்பு இருந்தால் வலது கீழ்ப்பகுதி வெறுமையாகத் தெரியும். அங்கே பச்சை வைத்தால் சிவப்பு இன்னும் எரியும், சாம்பல் வைத்தால் அடங்கும். ஒவ்வொரு தீற்றலும் அதற்கு முந்தியவை எல்லாவற்றின் எடையையும் மாற்றிவிடுகிறது. கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்க்கிறார். கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார். அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். நேற்று நன்றாக இருந்த பகுதியை இன்று கத்தியால் சுரண்டி எடுக்கிறார். சுரண்டிய இடத்தில் அடியிலிருந்த பழைய நீலம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அது அவர் திட்டமிட்டதல்ல. அதை வைத்துக்கொள்வதா மூடுவதா என்ற முடிவு மட்டும் அவருடையது. கூடத்தில் கழியும் நேரத்தில் பெரும்பங்கு தூரிகை கையில் இல்லாத நேரம்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராக ஆலாபனை செய்யும் பாடகர் அடுத்த சங்கதியை எழுதி வைத்துக்கொண்டு மேடையேறுவதில்லை. அந்த மனோதர்மத்துக்கு அடியில் சரளி வரிசை முதல் வர்ணம், கீர்த்தனை வரை பல்லாண்டுச் சாதகம் கிடக்கிறது என்பது சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். "அவருக்கு அருள்" என்று சொல்பவரும் சாதகத்தை மறுக்கமாட்டார். ஓவியருக்கு மட்டும் அந்த மரியாதையை நாம் கொடுப்பதில்லை, ஏனென்றால் ஓவியரின் சாதகத்தை நம் காது கேட்டதில்லை. அது மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

சாதகத்துக்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு அரிசி வேண்டும், வாடகை வேண்டும். அரூப ஓவியத்தின் நூற்றுச்சொச்சம் ஆண்டு வரலாற்றைத் திரும்பப் பார்க்கும்போது, பாணிகளின் பெயர்களைவிட இன்னொரு கேள்விதான் என்னைத் திரும்பத் திரும்பப் பிடித்து நிறுத்துகிறது. ஓவியர் ஒன்றும் செய்யாமல் கேன்வாஸைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

கான்டின்ஸ்கிக்குக் கொடுத்தவர் அவருடைய தந்தை, தேயிலை வணிகர். சட்டமும் பொருளாதாரமும் படித்த மகன் 1896இல், முப்பது வயதில், தார்ப்பாத் பல்கலைக்கழகம் தர முன்வந்த பதவியை உதறிவிட்டு ஓவியம் கற்க ம்யூனிக் போனபோது, தந்தை பல ஆண்டுகள் பணம் அனுப்பினார். ஒரு மாலை, கான்டின்ஸ்கி கூடத்துக்குத் திரும்பும்போது சுவரோரம் இனம்புரியாத அழகோடு ஒரு படம் ஒளிர்ந்ததாம். அருகில் போய்ப் பார்த்தால் அது அவருடைய படமே, பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருக்கிறது. பொருள் தெரியாதபோதுதான் படம் அவ்வளவு பேசியது என்று கண்டுகொண்டதை 1913இல் வெளியான நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். எல்லாரும் மேற்கோள் காட்டும் கதை இது. சொந்தப் படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வரையப் போகும் நேரம் அவருக்கு வாய்த்திருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஸ்வீடனில் அவருக்கும் முன்பே, 1906இல், ஹில்மா ஆஃப் கிளின்ட் உருவங்களை விட்டு வெளியேறியிருந்தார். ஆவியுலகத் தொடர்பில் நம்பிக்கை கொண்ட ஐந்து பெண்களின் குழுவில் ஒருவர். தன் கையை வேறொரு சக்தி இயக்குவதாகவே அவர் எண்ணினார். அந்த நம்பிக்கையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கை ஸ்டாக்ஹோமின் ராயல் அகாடமியில் 1882 முதல் 1887 வரை பயின்ற கை. செடிகொடிகளை இலை நரம்பு பிசகாமல் வரைந்து பழகிய கை. நிலக்காட்சிகளும் உருவப்படங்களும் வரைந்து விற்றுச் சோறு தேடிய கை. படிப்பு முடிந்ததும் அகாடமி அவருக்கு நகரின் நடுவே, வேறு பெண் ஓவியர்களோடு பகிர்ந்துகொள்ள, ஒரு கூடம் கொடுத்தது. 1907இல் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான பத்துப் படங்களை அவர் வரைந்தார். மறு ஆண்டு வேலை நின்றது. தாய் பார்வை இழந்தார். பார்த்துக்கொள்ள மகள் வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் அந்த வரிசை அப்படியே கிடந்தது. 1912இல் மீண்டும் தொடங்கி 1915இல் முடித்தபோது மொத்தம் 193 படங்கள். எந்த ஆவியும் அந்த நான்கு ஆண்டுகளை அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. தான் இறந்து இருபது ஆண்டுகள் வரை இவற்றை வெளியே காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு 1944இல் இறந்தார். உலகம் பார்க்கத் தொடங்கியது 1986இல்.

அமெரிக்காவின் ஜாக்சன் பொல்லாக்கின் கதை இதற்கு நேர்மாறாக வெளிச்சத்தில் நடந்தது. கேன்வாஸைத் தரையில் விரித்து, குச்சியாலும் காய்ந்த தூரிகையாலும் வண்ணத்தை ஒழுகவிட்டு, சுற்றிச் சுற்றி நடந்து வரைந்தவர். ஆவேசம், தற்செயல், கட்டுப்பாடற்ற உள்மனம் என்று அவரைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சமல்ல. ஆனால் 1930இல் அவர் நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீகில் தாமஸ் ஹார்ட் பென்டனிடம் மாணவராகச் சேர்ந்தார். கிராமத்து வாழ்வைப் பெரிய சுவரோவியங்களாகத் தீட்டிய அந்த ஆசிரியரிடம் படத்தின் தாளக்கட்டைப் படித்தார். 1936இல் மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில், தொழிற்சாலை வண்ணங்களை ஊற்றியும் தெளித்தும் சோதித்துப் பார்த்தார். ஒழுகவிடும் படங்கள் வந்தது 1947இல். நடுவில் பதினோரு ஆண்டுகள். ரூஸ்வெல்ட் அரசு பொருளாதார மந்தக் காலத்தில் தொடங்கிய ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் அவருக்கு 1935 முதல் 1943 வரை, சில இடைவெளிகளோடு, வாரச் சம்பளம் கொடுத்தது. அது முடிந்ததும் கலைப் புரவலர் பெகி குகன்ஹைம் மாதம் 150 டாலர் ஒப்பந்தம் போட்டார். 1945இல் லாங் ஐலண்டின் ஸ்ப்ரிங்ஸ் கிராமத்தில் வீடு வாங்க முன்பணம் கடனாகக் கொடுத்தவரும் அவரே. வீட்டோடு ஒரு களஞ்சியக் கொட்டகையும் கிடைத்தது. தரையில் ஐந்து மீட்டர் கேன்வாஸ் விரிய அந்தக் கொட்டகை வேண்டியிருந்தது.

அதே வீட்டில் இன்னொரு ஓவியர் இருந்தார். பொல்லாக்கின் மனைவி லீ க்ராஸ்னர். க்ராஸ்னர் கணவரைவிட முறையாகப் பயின்றவர். கொட்டகை கணவருக்குப் போக, மாடியிலிருந்த சிறு படுக்கையறை இவருக்கு. 1946 முதல் 1950 வரை அங்கே அவர் வரைந்தவை கலை வரலாற்றில் 'லிட்டில் இமேஜஸ்' என்று பதிந்திருக்கின்றன. சின்னச் சின்னக் கட்டங்கள், எழுத்துகள் போன்ற நெருக்கமான குறிகள். எத்தனையோ பேர் அவற்றின் சிறிய அளவைக் குணாம்சம் என்று விளக்கியிருக்கிறார்கள். 1956இல் பொல்லாக் கார் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு க்ராஸ்னர் கொட்டகைக்கு மாறினார். அந்த 1957இலேயே வந்த 'த சீசன்ஸ்' என்ற படம் ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். அவருடைய உள்ளுணர்வு ஒரே ஆண்டில் வளர்ந்துவிட்டதா? இல்லை, சுவர் வளர்ந்தது. தூக்கமின்மையால் அவதிப்பட்ட பிந்தைய ஆண்டுகளில் இரவில் வரைந்தார். விளக்கொளியில் நிறங்களை நம்ப முடியாது என்பதால் பழுப்பும் வெள்ளையுமாகவே ஒரு பெரும் வரிசை பிறந்தது. படைப்பின் ரகசியம் என்று சொல்லப்படும் பலவற்றுக்குள் இப்படி ஓர் அறையின் அளவும் ஒரு விளக்கின் நிறமும் ஒளிந்திருக்கின்றன.

பொல்லாக்கைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1950இல் ஹான்ஸ் நமுத் என்ற ஒளிப்படக்காரர் அவர் வரைவதை முதலில் படங்களாகவும் பிறகு திரைப்படமாகவும் எடுத்தார். வெளிச்சத்துக்காக வெளியே, குளிரில், சொன்னபோது தொடங்கி சொன்னபோது நிறுத்தி பொல்லாக் வரைந்தார். படப்பிடிப்பு முடிந்த நவம்பர் மாலை, இரண்டாண்டுகளாக விட்டிருந்த குடியை மீண்டும் தொட்டார். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தின் மனதில் நின்றுவிட்ட பொல்லாக், கேமரா பார்த்த பொல்லாக் தான்: குனிந்து, வீசி, பாய்ந்து. ஓர் அடுக்கை முடித்துவிட்டுக் கேன்வாஸைச் சுவரில் ஏற்றி நாட்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்த பொல்லாக்கை எந்தப் படச்சுருளும் பொறுமையாகப் பதியவில்லை.

அந்தப் பார்த்துக்கொண்டிருத்தலையே வாழ்க்கையாக்கிக் கொண்டவர் இந்திய ஓவியர் வாசுதேவ் சந்து கைத்தொண்டே. 1924இல் நாகபுரியில் பிறந்த கோவாக் குடும்பத்துப் பிள்ளை. பம்பாய் கிர்காவ்ன் பகுதியில் வளர்ந்து, 1948இல் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பட்டயம் பெற்றவர். தொடக்கத்தில் அவர் வரைந்தவற்றில் மனிதர்கள் இருந்தார்கள், பறவைகள் இருந்தன; பால் க்லேயின் பாதிப்பு தெரிந்தது. ஐம்பதுகளின் இறுதியில் அவை கரைந்து போயின. ஜென் சிந்தனையும், பம்பாயில் நிசர்கதத்த மகராஜின் பேச்சும், திருவண்ணாமலை ரமணரின் உபதேசமும் அவரை ஈர்த்தன. தூரிகையைவிட ரோலரும் பேலட் கத்தியும் அவருக்கு நெருக்கமாயின. வண்ணத்தை உருட்டித் தேய்ப்பார், கத்தியால் வழிப்பார், கிழித்த செய்தித்தாள் துண்டுகளை ஈரப் பரப்பின் மேல் அழுத்தி எடுப்பார். மஞ்சளின் அடியில் ஒரு மங்கிய சாம்பல், அதன் அடியில் யாரும் படிக்க முடியாத எழுத்துப்போல ஏதோ ஒன்று, தண்ணீருக்குள் கிடப்பதைப்போல. ஆண்டுக்கு ஐந்தாறு படங்களுக்கு மேல் அவருடைய கூடத்தை விட்டு வெளியே வந்ததில்லை.

ஐந்தாறு. மீதி நாட்களில் என்ன செய்தார்? உட்கார்ந்திருந்தார். கேன்வாஸைத் தொடுவதற்கு முந்திய நெடுநேரமே அவருக்குப் படம் உருவாகும் நேரம். எண்ணெய் வண்ணம் அறிந்தவர்களுக்கு இதில் ஒரு நடைமுறை நியாயமும் தெரியும். தடித்த எண்ணெய்ப் படலம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரப் பல நாள் ஆகும். உள்ளுக்குள் இறுக மாதங்கள் ஆகும். அடியில் எண்ணெய் மிகுந்த அடுக்கிருந்து மேலே மெல்லியது போனால் பின்னாளில் வெடிப்பு விடும். எனவே வண்ணமே ஓவியரைக் காத்திருக்கச் சொல்கிறது. ஐம்பதுகளுக்குப் பின் அக்ரிலிக் புழக்கத்துக்கு வந்தபோது நிமிடங்களில் காயும் வண்ணம் கிடைத்தது. காத்திருக்கும் கட்டாயம் போனது. அக்ரிலிக்கில் வரைபவர் அந்த இடைவெளியைத் தானே மனமுவந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைத்தொண்டே எண்ணெயோடு இருந்தார்.

அவருடைய காத்திருப்புக்குக் கூலி எங்கிருந்து வந்தது? பம்பாயில் பூலாபாய் தேசாய் நினைவு மையம் என்று ஒன்று இருந்தது. கடலோரம் பழைய பங்களா. அங்கே கைத்தொண்டேயும் ஓவியர் எம்.எஃப். ஹுசேனும் சொற்ப வாடகைக்கு அறை வைத்திருந்தார்கள். அதே வளாகத்தில் ரவிசங்கரின் இசைப்பள்ளி, அல்காஸியின் நாடக ஒத்திகை. ஒரு தளத்தில் சிதார், மறுதளத்தில் வசனம், நடுவில் ஒருவர் வெற்றுக் கேன்வாஸைப் பார்த்தபடி. அந்த வீடு இல்லாமல் அறுபதுகளின் பம்பாய் ஓவியத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நஸ்ரீன் மொஹமதியும் அங்கேதான் கைத்தொண்டேயை அறிந்தார். பின்னாளில் பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, ஏறத்தாழ வெறுமையான வீட்டில், தாழ்ந்த மேஜையில், மையும் பேனாவும் கொண்டு கோடுகளை மட்டுமே வரைந்தவர் அவர். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்போ தேதியோ இட்டதில்லை. 1964இல் கைத்தொண்டேக்கு மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் நிதியம் நியூயார்க்கில் தங்கி வேலை செய்ய நல்கை கொடுத்தது. 1972இல் தில்லி போய் நிஜாமுத்தீனில் தனியாக வாழ்ந்தார். 1984இல் விபத்தில் அடிபட்டுப் பெரிய கேன்வாஸ்களைக் கையாள முடியாமல் சில ஆண்டுகள் தாளில் சிறு மைக்கோடுகளோடு நின்றார். 2001இல் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 டிசம்பரில், கிறிஸ்டீஸ் மும்பையில் நடத்திய முதல் ஏலத்தில் அவருடைய 1979ஆம் ஆண்டுப் படமொன்று 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. அப்போது செய்தித்தாள்கள் அவரைக் கண்டுபிடித்தன. அந்தப் படத்தின் முன் அவர் உட்கார்ந்திருந்த மாதங்களுக்கு அந்தக் கோடிகளில் ஒரு பைசாவும் சேராது.

தமிழகத்தின் பங்கு இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சென்னை கலைப்பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. கைவினைக்கும் தொழிலுக்கும் பயிற்சி தருவதே நோக்கம். நூறாண்டு கழித்து அங்கிருந்து ஒரு நவீன ஓவிய இயக்கம் கிளம்பியபோது, அதன் தலைவராக நின்ற கே.சி.எஸ். பணிக்கர் அந்தக் கைவினை மரபையே ஓவியரின் நேரத்துக்கு விலையாக்கினார்.

பணிக்கர் கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில்தான் கலைப்பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். நீர்வண்ண நிலக்காட்சிகளில் பெயர் பெற்றார்; 1957இல் அதே கல்லூரியின் முதல்வரானார். 1963இல், ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகத்தில் கணிதக் குறிகள் நிறைந்த பக்கம் கண்ணில் பட்டது. அர்த்தத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எண்களும் எழுத்துகளும் கட்டங்களும் ஒரு படமாக நின்றன. அதிலிருந்து ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தின் சாயல் கொண்டும் வாசிக்க முடியாத வரிகள், கிராமத்துச் சடங்குகளின் சின்னங்கள் என்று 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' வரிசை பிறந்து, 1977இல் அவர் இறக்கும்வரை தொடர்ந்தது. ஒரு நோட்டுப் பக்கம் மின்னலைப்போல வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்தை எத்தனையோ ஆசிரியர்கள் திருத்தி மதிப்பெண் போட்டிருப்பார்கள். கால்நூற்றாண்டுக்கும் மேலாகக் கோட்டையும் நிறத்தையும் பார்த்துப் பழகிய கண் ஒன்றுக்குத்தான் அது படமாகத் தெரிந்தது.

ஆனால் பணிக்கரின் பெரிய உள்ளுணர்வு கேன்வாஸுக்கு வெளியே நிகழ்ந்தது என்பேன். படித்து முடித்த மாணவர்கள் வேலை தேடி விளம்பர நிறுவனங்களுக்கும் துணித் தொழிலுக்கும் போய், சில ஆண்டுகளில் வரைவதையே விட்டுவிடுவதை அவர் முதல்வர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எழும்பூரில் அந்தக் கல்லூரியைச் சுற்றி ஓவியம் வாங்குபவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவே. எனவே மாணவர்களும் அவரும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணிகளும் வேறு கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் இஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அரசு கொடுத்த நிலமல்ல, வள்ளல் கொடுத்த நிலமுமல்ல. மணலும் சவுக்கும் தவிர வேறொன்றுமில்லாத இடம். துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் தோய்த்துச் சம்பாதித்த ரூபாய், கேன்வாஸின் முன் சும்மா உட்காரும் உரிமையாக மாறியது. எஸ்.ஜி. வாசுதேவ், சுல்தான் அலி, ஹரிதாசன், கோபிநாத், சேனாதிபதி, நந்தகோபால், ராமானுஜம் என்று ஒருவருக்கொருவர் சாயலே இல்லாத கலைஞர்கள் அங்கே வளர்ந்தார்கள். ஒரே பாணியை உருவாக்கும் நோக்கம் அதற்கு இருந்திருந்தால் அது சீக்கிரம் செத்திருக்கும். நேரத்தை மட்டுமே பங்கிட்டுக்கொண்டதால் நீடித்தது.

அந்தக் கிராமத்தில் குடியேறாமல், அதே கல்லூரியிலிருந்து வந்து, அரூபத்துக்கு நெடும்பாதையில் நடந்தவர் கே.எம். ஆதிமூலம். துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். தமிழ் வாசகர்களுக்கு அவர் முதலில் கோட்டோவியர். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் அவர் போட்ட காந்தி கோட்டோவியங்கள், சிற்றிதழ் அட்டைகள், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்காக வரைந்த கரிசல் முகங்கள் என்று அந்தக் கருப்பு மையின் வலிமை ஒரு தலைமுறையின் கண்ணில் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் கோட்டையே கைவிட்டு வண்ணப் பரப்புகளுக்குப் போனபோது ஏமாந்தவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பரப்புகளில் கோடு காணாமல் போகவில்லை. பேலட் கத்தியின் விளிம்பு நிறத்தை வழித்துச் சென்று சட்டென்று நிற்கும் இடங்களில் அந்தப் பழைய பேனா இருக்கிறது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது ஆயிரக்கணக்கான முகச்சுருக்கங்களை வரைந்த மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. வானமோ வயலோ என்று தோன்றும் அந்தப் படங்களை முகங்கள் வரையாத ஒருவர் தீட்டியிருக்க முடியாது. அந்த முகங்களை வரைய அவருக்குச் சோறு போட்டதில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு என்பதை நம் இதழியல் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

2022இல் சென்னையில் மறைந்த அச்சுதன் கூடல்லூர் பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்தவர். மெட்ராஸ் ஆர்ட் க்ளப்பில் பழகி, அலுவலகம் போக எஞ்சிய நேரத்தில் வரைந்து, வெடிக்கும் சிவப்புகளின் ஓவியராக ஆனவர். அவருக்குக் கூலி கொடுத்தது அரசாங்கம்தான், ஆனால் அணைக்கும் சாலைக்கும் கட்டடத்துக்குமாக. மாலை நேரத்தை அவர் தானே திருடிக்கொண்டார்.

இப்படி மாலையைத் திருடிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் நம்மிடையே பலர். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் இளைஞர்களைப் பயிற்றி அனுப்புகின்றன. கல்லூரி இருந்தவரை அவர்களுக்குக் கூடம் இருந்தது: உயரமான கூரை, வடக்கு வெளிச்சம், அழுக்கானால் யாரும் கேட்காத தரை. பட்டம் வாங்கிய மறுநாள் அது போய்விடுகிறது. வாடகை வீட்டின் ஒற்றை அறையில் நாலடிக் கேன்வாஸைக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே சாய்த்தால் பின்னால் நகர்ந்து பார்க்க இடமிராது. டர்பன்டைன் வாடைக்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஈர வண்ணத்தை ஒரு மாதம் காயவிட எங்கே வைப்பது? பின்னகர்ந்து பார்க்காத கண்ணுக்கு உள்ளுணர்வு வளராது. சிறிய, சீக்கிரம் காயும், சீக்கிரம் விற்கும் படங்களுக்கு அந்த அறையே அவர்களைத் தள்ளிவிடும். பிறகு நாம் கண்காட்சியில் நின்று இன்றைய இளைஞர்களிடம் ஆழம் இல்லை என்று குறைபடுவோம்.

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக்கும் சிற்பத்துக்கும் மண்பாண்டக் கலைக்கும் பொதுக்கூடங்கள் உண்டு. பல தலைமுறைகள் அங்கே வேலை செய்திருக்கின்றன. அத்தகைய இடம் ஏன் மதுரையில் இல்லை, கோவையில் இல்லை, திருநெல்வேலியில் இல்லை? பணிக்கர் தன் மாணவர்களோடு மெழுகும் சாயமும் சுமந்து அரை நூற்றாண்டுக்கும் முன்னால் செய்துகாட்டியதை, இவ்வளவு பெரிய மாநிலம் தன் கருவூலத்திலிருந்து செய்ய முடியாதா? பரிசுத்தொகையும் விருதும் முடிந்த படத்துக்குக் கொடுக்கப்படுகின்றன. தேவைப்படுவது தொடங்காத படத்துக்கு. மாவட்டத் தலைநகரங்களில் பூட்டிக் கிடக்கும் பழைய அரசுக் கட்டடங்களில் நாலு அறைகளை எடுத்து, கல்லூரியை விட்டு வரும் ஓவியர்களுக்கும் அலுவலகம் முடித்து வருபவர்களுக்கும் இரண்டிரண்டு ஆண்டுகள் கொடுக்கலாம். சாவி அவர்களிடமே இருக்க வேண்டும், இரவிலும் திறக்கும்படி. குழந்தையோடு வருபவருக்கு அடுத்த அறையில் இடம் வேண்டும். ஹில்மா ஆஃப் கிளின்ட் இழந்த நான்கு ஆண்டுகளை இங்கே ஒருத்தி இழக்கக்கூடாது. இரண்டாண்டு முடிவில் இத்தனை படம் முடித்தீர்களா என்று கேட்கும் படிவம் ஒன்றை எந்த அதிகாரியும் நீட்டக்கூடாது. ஒருவர் ஒரே ஒரு படத்தோடு வெளியே வரலாம். சுரண்டி அழித்த பத்துக் கேன்வாஸ்களோடும் வரலாம். அதற்கும் அந்த அறையின் வாடகையை நாம் கொடுத்திருக்க வேண்டும்.